கரிகாலனைக் கொன்றது யார்? எழுபது ஆண்டாக ஓயாத வாசகர் வழக்கு

சென்னைப் புத்தகக் காட்சியில் எந்த வரிசைக்குள் நுழைந்தாலும் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகங்களும் ஒரே கட்டாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். மலிவுப் பதிப்பு, கெட்டி அட்டைப் பதிப்பு, ஓவியங்களோடு கூடிய பதிப்பு எனப் பல பதிப்பகங்கள் அதைப் போட்டிருக்கின்றன. கல்கியின் நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டுவிட்டதால் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். அச்சிட்டதெல்லாம் விற்க வேண்டுமே! விற்கிறது. இரண்டாயிரம் பக்கத்துக்கும் மேல் நீளும் நாவலை, அதுவரை ஒரு நாவலும் படித்திராத இளைஞர்கள்கூடச் சுமந்து செல்கிறார்கள்.

இந்த நாவலை வைத்து மணிரத்னம் எடுத்த படங்கள் 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும் வெளிவந்தபோது இந்தக் கூட்டம் பெருகியது உண்மை. ஆனால் படத்தால் மட்டும் வந்த மவுசு அல்ல இது. 1950 அக்டோபரில் ‘கல்கி’ இதழில் தொடங்கி 1954 மே வரை வாராவாரம் வந்த தொடர் இது. வாசகர்கள் அந்தப் பக்கங்களை மட்டும் கிழித்துச் சேர்த்து, பைண்டு செய்து வைத்துக்கொண்டார்கள். பழைய வீடுகளின் பரணில் இன்றும் அப்படிப்பட்ட தொகுப்புகள் கிடைக்கும். பழுத்துப்போன தாள், மணியம் வரைந்த சித்திரம், அத்தியாயம் முடிந்த இடத்தில் மிச்சமிருந்த ஒரு துணுக்கோ விளம்பரமோ. பாட்டி கட்டி வைத்ததைப் பேத்தி படிப்பது தமிழ்நாட்டில் அபூர்வமே இல்லை.

படித்தவர்களைக் கேட்டால் பெரும்பாலும் சொல்வது, “எடுத்தால் கீழே வைக்க முடியவில்லை.” தொடர்கதையின் கட்டுமானம்தான் அதற்குக் காரணம். ஒவ்வோர் அத்தியாயமும் ஒரு முடிச்சோடு முடியும். அடுத்த வாரம்வரை வாசகரைக் காக்க வைக்க வேண்டிய தேவை கல்கிக்கு இருந்தது. “நடுவில் இழுவை” என்ற புகாரும் அதே தேவையிலிருந்து வருவதுதான். போன வாரம் இதழைத் தவறவிட்டவருக்காக நடந்ததை மறுபடி சொல்லியாக வேண்டும். புத்தகமாகச் சேர்த்துப் படிப்பவருக்கு அது அலுக்கும். புகார் நியாயமானது. ஆனாலும் பலர் அந்த இடங்களைத் தாண்டிக் கடைசிவரை போய்விடுகிறார்கள்.

கடைசிவரை போனவர்கள் விடாமல் விவாதிப்பது ஒன்றைத்தான்: சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? நாவல் அதை வேண்டுமென்றே மூட்டமாக விட்டுவிடுகிறது. கல்வெட்டு அப்படி விடவில்லை. காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில், அனந்தீசுவரர் கோயில் சுவரில் அது இருக்கிறது. கதை தொடங்குகிற வீரநாராயண ஏரியும், அதாவது இன்றைய வீராணமும், பக்கத்தில்தான். ராஜராஜனின் தொடக்க ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த அந்த ஆணை, கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலியோரின் பெயரைச் சொல்கிறது. அவர்களுடையதும் உறவினருடையதுமான சொத்துகள் பறிமுதலானதைப் பதிவு செய்கிறது. ஏவியவர் யார் என்பதைச் சொல்லவில்லை. கொலைக்கும் ராஜராஜன் ஆட்சிக்கும் இடையில் ஆண்ட உத்தம சோழன் காலத்தில் இவர்கள் ஏன் தண்டிக்கப்படவில்லை? நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழன்மீது சந்தேகம் கொண்டார். சதாசிவப் பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. இன்றைய வாசகர்கள் போடும் சண்டை, இந்த இரு அறிஞர்களின் கருத்து வேறுபாட்டின் தொடர்ச்சிதான்.

எல்லாரும் கொண்டாடும் வந்தியத்தேவனோ, வரலாற்றில் கிட்டத்தட்ட வெறும் பெயர். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு ஒன்று ராஜராஜனின் அக்கா குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவி என்று குறிப்பிடுகிறது. அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு, குதிரையேறி வம்பை விலைக்கு வாங்கும் ஓர் இளைஞனை உண்டாக்கினார் கல்கி. கடைசிப் பாகமான ‘தியாகச் சிகர’த்துக்கும் ஆதாரம் உண்டு. சிற்றப்பன் உத்தம சோழனுக்கு ஆசை இருக்கும்வரை அரியணையை மனத்தாலும் விரும்புவதில்லை என்று அருள்மொழி, அதாவது பின்னாளைய ராஜராஜன், இருந்ததாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான் மூவரும் முழுக்கக் கற்பனை.

இங்கேதான் ஒரு கவலை. நந்தினியும் ரவிதாசனும் ஒரே பக்கத்தில் பேசிக்கொள்வதால், இருவரும் ஒரே அளவுக்கு நிஜம் என்று பல வாசகர்கள் நம்பிவிடுகிறார்கள். சோழர் வரலாறு பற்றிய பேச்சுகளில் நாவல் காட்சிகளே சான்றாக எடுத்து வைக்கப்படுகின்றன. இது கல்கியின் குற்றமல்ல. அவரே நாவலின் முடிவுரையில் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல முனைந்தவர். அதன்பின் சில மாதங்களிலேயே, 1954 டிசம்பரில், மறைந்துவிட்டார்.

ஐந்தாம் பாகத்தை மூடியவர்கள் அடுத்து ஒரு புத்தகம் எடுப்பதானால், அது பண்டாரத்தாரின் ‘பிற்காலச் சோழர் சரித்திர’மாக இருக்கட்டும். அதன் முதல் பகுதியை அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது 1949இல், கல்கி தொடரைத் தொடங்குவதற்கு முந்தைய ஆண்டு. படித்த கையோடு ஒருமுறை காட்டுமன்னார்கோயிலுக்கும் போய் வாருங்கள்.