பழைய மீட்டருக்கும் முத்திரை வேண்டும்

தராசுக்கு வருடந்தோறும் முத்திரை பெற வேண்டும் என்பது வியாபாரிகள் அறிந்த விடயம். ஆனால் பெட்டரியும் ரேடியோவும் திருத்தும் கடையிலுள்ள மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று கேட்பவர் குறைவு. மன்னார் கரையில் இந்தக் கேள்வி பணத்தோடு மட்டும் நின்றுவிடுவதில்லை.

பேசாலை, தலைமன்னார், சிலாவத்துறைப் படகுகளில் ஜீ.பி.எஸ். கருவியும் விளக்கும் 12 வோல்ட் பெட்டரியையே நம்பியுள்ளன. முழுதாக சார்ஜ் ஏறிய ஈய-அமில பெட்டரி, ஓய்வு நிலையில் ஏறத்தாழ 12.7 வோல்ட் காட்டும். பாதி தீர்ந்தது 12.2 வோல்ட் காட்டும். வித்தியாசம் அரை வோல்ட் மாத்திரமே. 25 வோல்ட் வரை அளக்கும் முள் மீட்டரில் 2 வீதப் பிழை இருந்தால், அதுவும் அரை வோல்ட்தான். பாதி பெட்டரியோடு ஒரு படகைக் கடலுக்கு அனுப்ப அந்தப் பிழை போதும்.

பழையதற்கு ஏன் கிராக்கி?

2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபோது, புதிய கருவிகள் பலருக்கு எட்டாமற் போயின. பழையதைத் திருத்துவதன் அருமை அப்போது புரிந்தது. 1923இல் பிரித்தானியாவில் அறிமுகமாகி 2008 வரை தயாரிக்கப்பட்ட ஆவோ மீட்டர், 1972இல் வந்த டெக்ட்ரோனிக்ஸ் 465 ஒசிலோஸ்கோப் போன்றவை இன்றும் திருத்தக்கூடியவை. அவற்றின் சுற்று வரைபடங்கள் கிடைக்கின்றன. பல உதிரிப் பாகங்களைத் தனித்தனியே மாற்றலாம்.

திருத்தும் முறை

நீண்ட காலம் கிடந்த ஒசிலோஸ்கோப்பை உடனே 230 வோல்ட்டில் செருகக் கூடாது. காய்ந்துபோன மின்தேக்கிகள் வெடிக்கலாம். முதலில் அவற்றைச் சோதித்து மாற்ற வேண்டும். படக்குழாய்ப் பகுதியில் பல ஆயிரம் வோல்ட் இருப்பதால் அனுபவமுள்ளவரே கைவைக்க வேண்டும். உப்புக் காற்று வீசும் மன்னாரில் சுழல் சுவிட்சுகளின் தொடுமுனைகள் கறுத்துப்போகும். மீட்டர் தவறாகக் காட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஐசோபுரப்பைல் அல்கஹோலால் துடைத்தாலே பல மீட்டர்கள் சீராகிவிடும்.

துடைத்தால் மட்டும் போதுமா?

போதாது. கலிபிரேஷன் எனப்படும் அளவுத்திருத்தம் வேறு வேலை. பிழை தெரிந்த, அதிலும் நுட்பமான ஒரு கருவியோடு ஒப்பிட்டு, ஒவ்வோர் அளவிலும் எவ்வளவு வித்தியாசம் என்று எழுதி வைப்பதே அது. ஒப்பிடும் கருவி குறைந்தது நான்கு மடங்கு நுட்பமாக இருப்பது நல்லது. அந்தக் கருவியின் அளவும் தேசிய நியமத்தோடு தொடர்புபட்டிருக்க வேண்டும். 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களம் அதற்குரிய இடமாகும். எல்லா மீட்டரையும் அங்கே கொண்டுசெல்லத் தேவையில்லை. நல்ல டிஜிட்டல் மீட்டர் ஒன்றுக்கு மட்டும் சான்றிதழ் பெற்று, மற்றவற்றை அதனோடு ஒப்பிடலாம்.

இத்தொழிலில் இறங்க விரும்புவோர், விற்கும் ஒவ்வொரு மீட்டரிலும் சிறு சீட்டு ஒட்டுங்கள். சோதித்த திகதி, ஒப்பிட்ட கருவி, கண்ட பிழை மூன்றையும் அதில் எழுதுங்கள். முள் மீட்டரால் பெட்டரியின் அரை வோல்ட்டைப் பிரித்தறிய முடியாவிட்டால் அதையும் வாயால் சொல்லுங்கள். பொலிஷ் போட்ட பெட்டியை எவரும் விற்கலாம். குறையைச் சொல்லி விற்பவரிடமே வாடிக்கையாளர் மறுபடியும் வருவார்.