மருந்தும் மொழியும் – 6: எண்ணூறு டாலர் போதும்

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்த கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். கிரீனை 1847-ல் இலங்கைக்கு அனுப்பிய அதே பாஸ்டன் மிஷன் சங்கம், அதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே இன்னொரு இளம் டாக்டரைப் பெய்ரூத்துக்குக் கப்பலேற்றியிருந்தது. அவர் பெயர் கொர்னேலியஸ் வான் டைக். 1840 ஏப்ரல் 2-ஆம் தேதி அங்கே கரையிறங்கியபோது அவருக்கு வயது இருபத்தொன்று.

நியூயார்க் மாகாணத்தில் கிண்டர்ஹூக் என்ற சிற்றூரில் டச்சு வம்சாவளிக் குடும்பத்தில் 1818-ல் பிறந்தவர். அப்பா ஊர் வைத்தியர். நண்பர் ஒருவருக்கு ஜாமீன் நின்று இருந்ததையெல்லாம் இழந்தவர். பையன் சுற்றுவட்டாரத்துச் செடிகொடிகளைச் சேர்த்து, காயவைத்து, வகை பிரித்து வைப்பான். பதினெட்டு வயதில் உள்ளூர்ப் பெண்களுக்கு வேதியியல் பாடம் சொல்லிக்கொடுத்தான். பிலடெல்ஃபியாவின் ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரியில் 1839-ல் பட்டம் வாங்கியதும் மறு ஆண்டே கப்பல்.

அன்றைய பெய்ரூத் உதுமானியப் பேரரசின் ஒரு துறைமுகம். வான் டைக்குக்கு அங்கே கிடைத்த பெரும் பேறு புத்ருஸ் அல்-புஸ்தானியின் நட்பு. பின்னாளில் அரபு அகராதியும் கலைக்களஞ்சியமும் தொகுக்கப்போகிற அந்த இளைஞருக்கும் இவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அவரிடமும், கவிஞர் நாசிஃப் அல்-யாஸிஜியிடமும், அஸ்ஹரில் ஓதிய இஸ்லாமிய அறிஞர் யூசுஃப் அல்-அசீரிடமும் வான் டைக் அரபு பயின்றார். பிழையின்றிப் பேசக் கற்றதோடு நிற்காமல் இலக்கணம், யாப்பு, பழம்பாடல்கள் என்று ஆழ இறங்கினார்.

1843-ல் லெபனான் மலையில் அபெய் என்ற ஊரில் ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. வகுப்பெல்லாம் அரபில். பாஸ்டன் சங்கத்தின் செயலாளர் ரூஃபஸ் ஆண்டர்சன் தாய்மொழிக் கல்வியை வலியுறுத்தியவர். ஆங்கிலம் படித்தவன் ஊழியத்தில் நிலைக்க மாட்டான், வேறு வேலை தேடிப் போய்விடுவான் என்பது அவர் கணக்கு. நமது வட்டுக்கோட்டை செமினரியை 1855-ல் மூட வைத்ததும் இதே கணக்குதான். மொழிமேல் கொண்ட அன்பால் வந்த கொள்கை அல்ல அது. வான் டைக் அந்தக் கொள்கையைக் கையில் எடுத்துக்கொண்டு, அதை வகுத்தவர்கள் நினைத்துப் பார்க்காத தூரத்துக்குப் போனார்.

பள்ளி இருந்தது, பாடநூல் இல்லை. ஆகவே எழுதினார். புவியியல், இயற்கணிதம், வடிவியல், திரிகோணமிதி, கடலோட்டம் என்று ஒவ்வொன்றாக. மதிய வகுப்புக்கு வேண்டியதைக் காலையில் எழுதியவருக்கு மொழியைக் குறை சொல்ல நேரம் இருந்திருக்காது. இடையில், பைபிளை அரபில் மொழிபெயர்த்துவந்த எலை ஸ்மித் 1857-ல் இறந்துபோக, பாதியில் நின்ற அந்த வேலையும் வான் டைக் தலையில் விழுந்தது. அல்-அசீரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, அச்சுப்படிகளை ஜெர்மனியில் இருந்த அரபு அறிஞர்கள் வரை அனுப்பித் திருத்தம் வாங்கி, 1864-ல் முடித்தார். அரபுலகப் புராட்டஸ்டன்ட் சபைகளில் இன்றும் பெருவழக்கில் இருப்பது அந்தப் பதிப்புதான்.

1866 டிசம்பரில் பெய்ரூத்தில் சிரியப் புராட்டஸ்டன்ட் கல்லூரி 16 மாணவர்களோடு திறந்தது. இன்றைய பெய்ரூத் அமெரிக்கப் பல்கலைக்கழகம் அதுதான். அடுத்த ஆண்டு மருத்துவப் பிரிவு வந்தது. பேராசிரியர் பதவிக்கு வான் டைக்கை அழைத்து என்ன சம்பளம் வேண்டும் என்று கேட்டபோது, ஆண்டுக்கு 800 டாலர் போதும் என்றார்.

அவருக்குத் தரப்பட்ட பாடம் நோய்க்குறியியல். வேதியியலுக்கோ ஆள் இல்லை. வேதியியல் தெரியாதவன் மருந்து எப்படிக் கொடுப்பான்? சொந்தப் பணத்தில் குடுவைகளும் கருவிகளும் வாங்கினார். அரபில் ஒரு வேதியியல் நூல் எழுதி அச்சிட்டார். வேறு பேராசிரியர் வரும்வரை அந்த வகுப்பையும் நடத்தினார். வானியலும் அவர் பொறுப்புதான்; வான் ஆய்வகத்துக்கான கருவிகளுக்கும் அவர் கைப்பணம் போனது. 1872-ல் அவர் அச்சிட்டுக் கொடுத்த இன்னொரு நூலை நான் முக்கியமாகக் கருதுகிறேன். பெரியம்மை, தட்டம்மை பற்றி அல்-ராஸி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அரபில் எழுதிய நூல் அது. மருத்துவம் உங்கள் மொழிக்குப் புதிதல்ல என்று மாணவனுக்கு இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

அரபில் நவீன மருத்துவம் கற்பித்தவர்களில் முதல்வர் அவர் என்று சொல்ல முடியாது. எகிப்தில் முகம்மது அலி ஆட்சியில் 1827-லேயே அபூ ஸஅபலில் மருத்துவப் பள்ளி தொடங்கிவிட்டது. ஆனால் அங்கே பிரெஞ்சு ஆசிரியர் பேசுவார், பக்கத்தில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர் அரபில் சொல்வார். பெய்ரூத்தில் ஆசிரியரே அரபில் பேசினார், அரபில் எழுதினார், மாணவர் கேட்ட கேள்விக்கு அரபிலேயே பதில் சொன்னார். அதன் பலன் சீக்கிரமே தெரிந்தது. அவருடைய ஊக்கத்தில் யஅகூப் ஸர்ரூஃபும் ஃபாரிஸ் நிம்ரும் 1876-ல் 'அல்-முக்ததஃப்' என்ற அறிவியல் இதழைத் தொடங்கினார்கள். டார்வினை அரபு வாசகரிடம் கொண்டுசேர்த்த ஷிப்லி ஷுமய்யிலும் அந்த மருத்துவப் பிரிவில் படித்துத் தேறியவரே.

டார்வின் பெயரால்தான் எல்லாம் உடைந்தது. 1882 ஜூலையில் பட்டமளிப்பு விழாவில் பேசிய பேராசிரியர் எட்வின் லூயிஸ், அறிவியல் முறைக்கு எடுத்துக்காட்டாக டார்வினைக் குறிப்பிட்டார். பேச்சு அரபில். அல்-முக்ததஃபிலும் அச்சானது. நிர்வாகம் கொதித்தது, லூயிஸ் வெளியேற வேண்டியதாயிற்று. வான் டைக்கின் மகன் வில்லியமும் அங்கே ஆசிரியர். பெய்ரூத் தெருநாய்கள் பற்றி அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையை, தன் முன்குறிப்போடு லண்டன் விலங்கியல் கழகத்துக்கு அனுப்பிவைத்தவர் டார்வினே. அது அங்கே வாசிக்கப்பட்டது ஏப்ரல் 18 அன்று. மறுநாள் டார்வின் இறந்துபோனார். அதே ஆண்டில் அதே டார்வின் பெயரைச் சொன்னதற்காக ஒரு பேராசிரியர் வேலை இழந்தார். அப்பனும் மகனும் பதவி விலகினார்கள். மருத்துவ மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்தார்கள். அவர்களில் ஒருவரான ஜுர்ஜி ஸைதான் படிப்பை விட்டுக் கெய்ரோ போய், பத்தாண்டில் 'அல்-ஹிலால்' இதழை நிறுவினார்.

ஆங்கிலத்துக்கு மாறும் முடிவு இந்தச் சச்சரவுக்கு முன்பே கல்லூரியில் உருவாகிவிட்டது. மருத்துவப் பிரிவு 1887-ல் ஆங்கிலத்துக்குப் போனது. அரபில் புதிய நூல்கள் இல்லை, அரபு தெரிந்த பேராசிரியர் கிடைப்பதில்லை என்று காரணம் சொன்னார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் நூல் எழுதக்கூடியவரை வெளியே போகவிட்டு, நூல் இல்லை என்று சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை.

வான் டைக் ஊரை விட்டுப் போகவில்லை. பெய்ரூத்திலேயே ஆர்த்தடாக்ஸ் சபையின் புனித ஜார்ஜ் மருத்துவமனையில் வைத்தியம் பார்த்தார். இளையோருக்காக எட்டுப் பகுதிகளில் அறிவியல் நூல் வரிசை ஒன்று எழுதினார். அதன் தலைப்புக்குக் 'கல்லில் செதுக்கிய எழுத்து' என்று பொருள். இளமைக் கல்விபற்றி நம்மூரில் வழங்கும் பழமொழி அரபிலும் உண்டு. 1895 நவம்பர் 13 அன்று டைபாய்டு காய்ச்சலில் பெய்ரூத்திலேயே இறந்தார். நான்கு ஆண்டு கழித்து அந்த மருத்துவமனையில் அவருக்குச் சிலை எழுந்தது.

எகிப்திலும் பிரிட்டிஷார் வந்தபின் மருத்துவக் கல்வி ஆங்கிலத்துக்குப் போய்விட்டது. அரபின் கதை அத்தோடு முடிந்தது என்றே பலர் நினைத்தார்கள். 1919-ல் டமாஸ்கஸில் ரிதா சயீத் என்ற கண் மருத்துவரும் அவருடைய தோழர்களும் துருக்கி மொழியில் நடந்துவந்த மருத்துவப் பள்ளியை அரபில் மீண்டும் திறந்தார்கள். டமாஸ்கஸ் பல்கலைக்கழகத்தில் இன்றுவரை மருத்துவம் அரபில்தான் கற்பிக்கப்படுகிறது. அந்தக் கதை அடுத்த வாரம்.