பலகைக் கணினியும் செவிக்கு எட்டாத தமிழும்

பத்து காவானில் என் பெரியப்பா ஒருவர் இருக்கிறார். தோட்டப் பள்ளியில் நெடுங்காலம் தமிழ் கற்பித்தவர். காலையில் நாளிதழைத் தலைப்பு முதல் கடைசிப் பக்கத்து விளம்பரம் வரை படித்து முடித்த பின்னரே பசியாற அமர்வார். கண்ணின் அழுத்த நோய் அவருடைய பார்வையைச் சிறிது சிறிதாகக் கவர்ந்துகொண்டது. இனி வானொலி ஒன்றே துணை என்றிருந்தவருக்குப் பேரன் ஒரு பலகைக் கணினியை வாங்கித் தந்தான். இளைஞர்கள் ‘டேப்’ என்று வழங்குவது இதனைத்தான். விரல் தொட்ட இடத்தில் உள்ள எழுத்தை அது வாய்விட்டுப் படிக்கும். சில நாட்களிலேயே பெரியப்பா அதனைப் பழகிக்கொண்டார். இழந்த நாளிதழ் மீண்டும் அவர் கைக்கு வந்தது.

பின்னர் ஒருநாள், அவரிடம் பயின்ற பழைய மாணவர்கள் ஒன்றுகூடல் நடத்தப்போவதாக வாட்ஸ்அப் வழியே அழைப்பிதழ் அனுப்பினர். பெரியப்பா அதன்மேல் விரலை வைத்தார். “படம்” என்றது கருவி. மீண்டும் வைத்தார். மீண்டும் “படம்” என்றே சொல்லிற்று. அழைப்பிதழின் முதல் வரியிலேயே அவருடைய பெயர் இருந்தது. பெரியம்மா படித்துச் சொன்ன பிறகுதான் அது அவருக்குத் தெரிந்தது.

இதில் கருவியைக் குறை கூறுவதற்கில்லை. கண்ணுக்கு எழுத்து என்பது ஒரு வடிவம். கணினிக்கோ எழுத்து என்பது ஓர் எண். 1991-ஆம் ஆண்டில் வெளிவந்த ஒருங்குறி என்னும் உலகப் பொதுமுறை, தமிழின் ஒவ்வோர் எழுத்துக்குறிக்கும் ஒரு தனி எண்ணை வழங்கியது. அந்த எண்ணைக் கண்டால் கருவிக்கு அது ‘க’ என்பது தெரியும், தெரிந்ததை ஒலிக்கும். அழைப்பிதழைப் படமாக்கி அனுப்பும்போது எழுத்துகளின் எண்கள் அழிந்துவிடுகின்றன. எஞ்சுவன வண்ணப் புள்ளிகளே. ரோசாப்பூவின் படமும் நம் ஆசிரியர் பெயரும் அப்போது கருவிக்கு ஒன்றுதான்.

படத்திலுள்ள எழுத்தை இனங்கண்டு படிக்கும் முறைகளும் இன்று உள்ளன என்பது உண்மை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் ஏ. ஜி. இராமகிருஷ்ணனும் அவர்தம் மாணவர்களும் தமிழ் அச்சினை இனங்காணவும், தமிழ் உரையை ஒலியாக்கவும் மென்பொருள்கள் ஆக்கியுள்ளனர். எனினும் அழைப்பிதழ்களில் நாம் விரும்பியிடும் அணியெழுத்துகளும், பூவேலையின் மேல் ஏறிநிற்கும் வரிகளும் இத்தகைய மென்பொருள்களை எளிதில் தடுமாறச் செய்யும். ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் வேறுபாடு காண நமக்கே சில வேளைகளில் சொல்லின் பொருள் வேண்டியிருக்கிறதன்றோ?

படத்தினும் பெரிய தொல்லை பழைய எழுத்துருக்களால் விளைவது. ஒருங்குறி பரவுமுன் எழுத்துரு செய்தோர் ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களைத் தம் விருப்பம்போல் அமைத்தனர். ‘பாமினி’ என்னும் எழுத்துருவில் ‘அம்மா’ என்று அடித்தால் கண்ணுக்கு அம்மாவே தெரியும். கருவியோ ‘எம், கே, அரைப்புள்ளி, கே, எச்’ என்று படிக்கும். அச்சகத்தார் பலர் பழக்கம் காரணமாக இவ்வகை எழுத்துருக்களை இன்றும் விடவில்லை. ஆண்டு மலர்களும் பயிற்சித் தாள்களும் இவற்றில் அமைந்துவிட்டால், பார்வையுள்ளோர்க்கு அவை தமிழ். பார்வையற்றோர்க்கு வெறும் பிதற்றல்.

ஒருங்குறியில் அடித்துவிட்டால் மட்டும் போதுமா என்றால், அங்கும் ஒரு பிழை பரவலாக உண்டு. ‘கௌரவம்’ என்பதைத் தட்டும்போது ஔகாரக் குறியை இடாமல், ஒற்றைக்கொம்பையும் ளகரத்தையும் தனித்தனியே இட்டுவிடுகிறோம். கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. காதுக்கோ பின்னது ‘கெ-ள-ர-வ-ம்’. கையெழுத்துக் காலத்தில் யாருக்கும் தீங்கு செய்யாத இந்த ஒற்றுமை, எழுத்தைச் செவியால் பெறுவோருக்கு ஒரு சொல்லையே கெடுத்துவிடுகிறது. எகரத்துக்கு மாறாகத் தமிழ் எண் ஏழினை இடுவதும் இத்தகையதே.

இலக்கணம் பயின்றோர் மகிழத்தக்க செய்தி ஒன்றும் இதில் உண்டு. ‘கெ’ என்பதில் கொம்பு கண்ணுக்கு முன்னே நிற்கிறது. பழைய முறைகள் பலவற்றில் அவ்வாறே கொம்பினை முன்னதாகப் பதிந்துவைத்தனர். ஒருங்குறி அவ்வாறு செய்யவில்லை. மெய்யை முன்னும் உயிரைப் பின்னும் வைத்தது. உயிர்மெய்யில் மெய்யொலி முற்பட உயிரொலி பிற்படும் என்று நம் இலக்கணம் கூறும் முறையும் அதுவே. 1951-ஆம் ஆண்டில் இந்திய மொழிகளுக்கெனப் பொதுவாக வகுக்கப்பெற்ற பாரதி பிரெயிலும் அவ்வாறே மெய்க்குப் பின் உயிரை அமைத்தது. கண்ணை நம்பாமல் ஒலியை நம்பிய இரண்டும் ஒரே முடிவுக்கு வந்து சேர்ந்தன.

பிரெயில் என்றதும் சிலர் வினவலாம்: தடவிப் படிக்கும் எழுத்து இருக்கையில் பேசும் கருவி எதற்கு? பினாங்கில் அக்கல்விக்கு நெடிய வரலாறு உண்டு. 1926-ஆம் ஆண்டில் மலாக்காவில் தொடங்கிப் பின்னர் இங்கு வந்த செயின்ட் நிக்கலஸ் இல்லத்தை அறியாதார் இலர். ஆனால் முதுமையில் பார்வை இழப்போர் நிலை வேறு. எழுபதுக்கு மேல் விரல் நுனியின் உணர்வு மங்கத் தொடங்கிய பிறகு, ஆறு புள்ளிகளைப் பிரித்தறியப் பழகுவது எளிதன்று. செவிவழியே அவர்களுக்கு இயல்பான வழி.

அந்த வழி தமிழுக்குத் திறக்கக் காலம் பிடித்தது. ஐபேட் 2010-ஆம் ஆண்டில் வெளிவந்தபோதே திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் வசதியுடன் வந்தது. தமிழ்க் குரல் அதன்கண் அமைந்தது 2022-ஆம் ஆண்டில்தான். இடையில் பன்னிரண்டு ஆண்டுகள்! பேச்சைத் தமிழ் எழுத்தாக்கும் வசதியைக் கூகுள் 2017-ஆம் ஆண்டில் அளித்தது. எழுதப் படிக்கும் வாய்ப்பே கிட்டாத தோட்டத்து மூதாட்டியர், தம் மக்களுக்குச் செய்தி ‘எழுத’ முடிந்தது இதன் பின்னரே. காது கேளாதார்க்கும் இதே வசதி மறுபக்கமாய்ப் பயன்படுகிறது: எதிரில் இருப்பவர் பேசப் பேச, பேச்சு திரையில் வரிகளாக எழும்.

பேச இயலாத குழந்தைகளுக்கென ஒரு முயற்சி சென்னையில் நடந்தது. அஜித் நாராயணன் என்னும் பொறியாளர் உருவாக்கிய ‘ஆவாஸ்’, முதலில் தனிக் கருவியாக இருந்து பின்னர்ப் பலகைக் கணினிச் செயலியாயிற்று. குழந்தை படங்களைத் தொட்டால் சொற்கள் ஒலிக்கும். இத்தகைய செயலிகளில் தமிழாசிரியர் கருதத்தக்க ஒரு நுட்பம் உண்டு. ஆங்கிலத்தில் ‘நான்’, ‘வேண்டு’, ‘தண்ணீர்’ என்பனவற்றுக்குரிய சொற்களை அப்படியே அடுக்கினால் வாக்கியம் முற்றுப்பெறும். தமிழிலோ ‘நான்’ என்பது ‘எனக்கு’ என்று வேற்றுமை ஏற்க வேண்டும். ‘வேண்டும்’ இறுதிக்குச் செல்ல வேண்டும். இல்லையேல் குழந்தை தண்ணீர் பெறும், தமிழ் பெறாது. இங்கே பொறியாளருக்குத் துணைநிற்க வேண்டியவர் இலக்கண ஆசிரியர்.

மலேசியத் தமிழுக்கென ஒரு சிக்கலும் தனியே உண்டு. பெரியப்பாவின் கருவியில் ‘பத்து காவான்’ என்று எழுதி ஒலிக்கச் செய்தேன். ஒன்பதுக்கு அடுத்த எண்ணையே அது சொல்லிற்று. மலாயில் ‘பத்து’ என்பது கல். அதன் முதலொலியோ மெல்லிதாய் அதிரும் வல்லெழுத்து. அவ்வொலிக்குத் தமிழில் தனி எழுத்தில்லை. மொழிக்கு முதலில் பகரம் வல்லென்றே ஒலிக்கும் என்னும் விதியைக் கருவி வழுவாது காத்தது! அதனைப் பாராட்டுவதா, திருத்துவதா? நம் ஊர்ப்பெயர்கள் பலவும் இவ்வாறு பிறமொழியினவே. அரசாங்கக் கடிதங்கள் மலாயில் வருகின்றன. அவற்றை மலாய்க் குரலிலும், மகன் எழுதிய செய்தியைத் தமிழ்க் குரலிலும் படிக்குமாறு கருவியில் இரு குரல்களையும் அமைத்துத் தருவது பிள்ளைகளின் பொறுப்பு. கடைக்காரர் அதனைச் செய்துதருவார் என்று இருந்துவிடலாகாது.

தமிழைக் கணினியில் ஏற்றிய முன்னோடிகளுள் ஒருவர் நம் நாட்டவர். முத்து நெடுமாறன் ‘முரசு’ மென்பொருளைத் தொடங்கியது 1985-இல். கரும்பும் செம்பனையும் விளைந்த பத்து காவானிலோ இன்று மைக்ரான் நிறுவனத்தின் நினைவகச் சில்லு ஆலை இயங்குகிறது. கருவிக்கும் மென்பொருளுக்கும் நமக்குப் பஞ்சமில்லை. அழைப்பிதழைப் படமாக அனுப்புவோர், அதே செய்தியை அதன் கீழே நான்கு வரி எழுத்தாகவும் இடலாம். பயிற்சித் தாள் அமைக்கும் ஆசிரியர், அதனை ஒருமுறை கருவியிடம் கொடுத்துக் கண்ணை மூடிக் கேட்டுப் பார்க்கலாம். கொம்பும் ளகரமும் எங்கே பிரிந்து நிற்கின்றன என்பது உடனே புலப்படும்.

ஒன்றுகூடல் அழைப்பினை நான் ஒருங்குறியில் தட்டிப் பெரியப்பாவுக்கு அனுப்பினேன். இருமுறை கேட்டார். தம் பெயர் வந்த இடத்தில் முகம் மலர்ந்தது. மூன்றாம் முறை கேட்கும்போது கையை உயர்த்தி நிறுத்தினார்.

“கெளரவ விருந்தினராம்! யாரப்பா இதைத் தட்டினது?”

நான்தான் தட்டினேன்.