144 கிலோபிட்டின் வரவு செலவு

மாதத்துக்கு 30 நாள், 43,200 நிமிடம். ஐ.எஸ்.டி.என். என்ற டிஜிட்டல் தொலைபேசி இணைப்பில், குரலும் தரவும் போகும் இரண்டு பி சேனலையும் திறந்தே வைத்தால் 86,400 நிமிடம். நிமிடத்துக்கு 1 சென்ட் என்று வைத்துக்கொண்டாலே பில் 864 டாலர்! எனவே வேலை முடிந்த கையோடு இணைப்பைத் துண்டிக்க வேண்டியிருந்தது.

1990களின் பிற்பாதியில் அமெரிக்காவில் இதற்கு மாற்றாக வந்தது ஐ.டி.எஸ்.எல்., அதாவது ஐ.எஸ்.டி.என். முறையிலேயே ஓடும், எப்போதும் திறந்திருக்கும் டி.எஸ்.எல். இணைப்பு. கம்பி ஜோடி அதே. வீட்டுக் கருவியும் பெரும்பாலும் அதே. எக்ஸ்சேஞ்சில் மட்டும் அந்த ஜோடி தொலைபேசி சுவிட்சுக்குப் போகாமல் தரவுக் கருவிக்குப் போனது. சுவிட்ச் இல்லை, டயல் இல்லை, நிமிடம் எண்ணும் மீட்டரும் இல்லை.

வேகத்தில் லாபம் சொற்பம். கம்பியில் நொடிக்கு 160 கிலோபிட் ஓடியது. ஒத்திசைவுக்கு 12, பராமரிப்புக்கு 4 போக மிஞ்சியது 144. அதாவது பி சேனல்களுக்கு 64, 64, மீதி 16. அந்த 16, முக்கியமாக அழைப்பை இணைப்பதற்கென இருந்த டி சேனல். அழைப்பே இல்லாதபோது அது எதற்கு? தரவுக்குச் சேர்த்துக்கொண்டார்கள். 128-க்கு மேல் எட்டில் ஒரு பங்கு வரவு.

பழைய ஐ.எஸ்.டி.என். ரூட்டரின் பின்பக்கம் ‘யு’ என்றிருந்தால் 2 கம்பியை நேரே செருக முடிந்தது. ‘எஸ்/டி’ என்றால் 4 கம்பி, நடுவில் 2 கம்பியை 4 கம்பியாக்கும் என்.டி.1 பெட்டி ஒன்று வேண்டியிருந்தது, அது தனிச் செலவு. டயல் எண், சுவிட்சுக்குக் கருவியை அடையாளம் காட்டும் ஸ்பிட் எண் எதுவும் தேவைப்படவில்லை. ரூட்டரில் வாடகைத் தடம் என்று அமைத்தாலே போதுமானதாக இருந்தது. மூன்று சேனலையும் சேர்த்துக் கட்டத் தெரியாத ரூட்டரில் 128-தான், சிலவற்றில் வெறும் 64. இந்த ஜோடியில் பேசவும் முடியவில்லை. தொலைபேசிக்கு இன்னொரு ஜோடி, இன்னொரு வாடகை. கணக்கில் எளிதில் விடுபட்ட செலவு இது.

உண்மையான வரவு தூரத்தில். 18,000 அடி, அதாவது சுமார் 5.5 கிலோமீட்டர் வரை நேரே போனது. ரிப்பீட்டர் வைத்தால் அதற்கும் அப்பால். குரலுக்காக 6,000 அடிக்கு ஒன்றாகப் பொருத்திய லோடிங் காயில்களை மட்டும் கழற்ற வேண்டியிருந்தது. அவை 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்டதைத் தடுத்துவிடும். ஐ.டி.எஸ்.எல்.லுக்கோ 40 வரை வேண்டியிருந்தது.

650 மெகாபைட் குறுந்தகடு ஒன்றை இறக்க 56 கே மோடத்தில் ஏறக்குறைய 26 மணி நேரம். 128-இல் 11 மணி 17 நிமிடம். 144-இல் 10 மணி. இன்னும் வேகமான டி.எஸ்.எல். வகையான 1.5 மெகாபிட் ஏ.டி.எஸ்.எல்.லில் 58 நிமிடம்.

ஏ.டி.எஸ்.எல். எட்டிய வீட்டுக்கு ஐ.டி.எஸ்.எல். வீண் செலவாக இருந்தது. எட்டாத வீட்டுக்கு, விடிய விடிய இறக்கினாலும் பில் ஏறாத 144 கிலோபிட்.