கடல் கடக்குமுன் கற்க வேண்டிய ஆங்கிலம்

2024-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் தேதி அதிகாலையில், குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் தங்கியிருந்த கட்டடமொன்று தீப்பற்றி நாற்பதுக்கும் மேற்பட்ட இந்தியர் மாண்டபோது, அவர்களுள் எழுவர் தமிழ்நாட்டவர் என்றும், அவ்வெழுவரில் ஒருவர் செஞ்சிக்காரர் என்றும் செய்தி வந்தது. ராஜகிரி மலையின் அடிவாரத்தில், மார்க்கெட் கமிட்டியில் நெல்லும் மணிலாவும் விற்று ஜீவனம் செய்யும் இச்சிற்றூருக்கும் அரபுக் கடற்கரைக்கும் உள்ள சம்பந்தம் எத்துணை நெருக்கமானது என்பதை அச்செய்தி எல்லோருக்கும் உணர்த்தியது. இத்தகைய ஆபத்து நேருங்கால் வீட்டார் முதலில் தேட வேண்டியவை ஒப்பந்தப் பத்திரத்தின் நகலும் இன்ஷூரன்ஸ் பாலிசியுமே. அவை பல வீடுகளில் இருப்பதில்லை. இருந்தாலும், போனவரே அவற்றைப் படித்தறியாமல் கையெழுத்திட்டிருப்பது சகஜமாயிருக்கிறது.

அயல்நாட்டு உத்தியோகத்தை விரும்பும் நம் வாலிபர்கள் ஆங்கிலம் பயில வேண்டுமென்று எண்ணும்போதெல்லாம், இன்டர்வியூவில் தங்குதடையின்றிப் பேசுவதையே இலட்சியமாகக் கொள்கிறார்கள். அதுவும் வேண்டியதுதான். ஆயினும் பாஸ்போர்ட்டிலும் விசாவிலும் ஒப்பந்தத்திலும் திரும்பத் திரும்ப வருகின்ற முப்பது நாற்பது சொற்களின் பொருளை ஐயமற அறிந்துகொள்வதே அதற்கும் முந்திய கடமை என்பது என் துணிபு.

பாஸ்போர்ட்டிலிருந்தே தொடங்குவோம். பெரும்பாலும் பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் ‘எமிக்ரேஷன் செக் ரெக்வயர்டு’ என்று அச்சிட்டிருக்கும். ஈ.சி.ஆர். என்று ஏஜென்டுகள் சுருக்கிச் சொல்வது இதைத்தான். அப்படிப்பட்டவர் குவைத், சவூதி, மலேசியா முதலான 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்வதானால், 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி அரசின் அனுமதி பெற்றாக வேண்டும். இதை வீண் தொல்லையென்று எண்ணுவது பெரும் பிழை. அந்த அனுமதியின் பொருட்டே ஒப்பந்தம் பரிசீலிக்கப்படுகிறது. விபத்தில் மரணம் நேர்ந்தால் குடும்பத்துக்கு ரூ.10 லட்சம் தரும் பிரவாசி பாரதீய பீமா யோஜனா பாலிசியும் அதனுடனேயே எடுக்கப்படுகிறது. இரண்டாண்டுக்கு அதன் பிரீமியம் வரி நீங்கலாக ரூ.275 மட்டுமே. இவ்வனுமதியைத் தட்டிக் கழிப்பதற்காகவே சில ஏஜென்டுகள், “இப்போதைக்கு விசிட் விசாவில் போங்கள், அங்கே மாற்றிக்கொள்ளலாம்” என்கிறார்கள். விசிட் விசாவும் டூரிஸ்ட் விசாவும் வேலை செய்யும் உரிமையைத் தருவதில்லை. அவற்றில் சென்று உழைப்பவர் அந்நாட்டுச் சட்டத்தின் முன் குற்றவாளியாகிவிடுகிறார்.

ஆங்கிலம் நன்கறிந்தவர்களும் ஏமாறியதுண்டு. தாய்லாந்தில் ‘டிஜிட்டல் சேல்ஸ் அண்ட் மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவ்’ உத்தியோகம் என்ற கவர்ச்சியான பெயரை நம்பிப் புறப்பட்ட கணினி கற்ற இளைஞர்கள், எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிப் பிரதேசத்துக்குக் கடத்தப்பட்டு, இணையவழி மோசடித் தொழிலில் பலவந்தமாக ஈடுபடுத்தப்பட்டார்கள். வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பரில் எச்சரிக்கை விடுத்தது. மீட்கப்பட்ட தமிழர் 13 பேர் அடுத்த மாதம் சென்னை வந்து சேர்ந்தனர். வேலையின் பெயர் எவ்வளவு பெரிதாயினும், விசாவின் பெயர் ‘எம்ப்ளாய்மென்ட்’ என்றிருக்கிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் மிகுந்த கவனத்துக்குரிய சொல், அடிப்படைச் சம்பளத்தைக் குறிக்கும் ‘பேசிக்’ என்பது. துபாயில் மாதம் 1,500 திர்ஹம் சம்பளம் என்று கேட்டு மகிழ்பவர், அதில் பேசிக் 700, அலவன்ஸ் 800 என்று பிரித்து எழுதியிருப்பதைக் கவனிப்பதில்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் பணி முடிந்து திரும்புகையில் தரப்படும் கிராஜுவிட்டி, முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் பேசிக் சம்பளம் என்ற விகிதத்தில் கணக்கிடப்படுவதால், ஐந்தாண்டு உழைத்தவர்க்கு, முழுச் சம்பளமும் பேசிக்காயிருந்தால் வரக்கூடிய 5,250 திர்ஹம் கிடைப்பதற்குப் பதிலாக 2,450 திர்ஹமே கிடைக்கும். ஓவர்டைம் கூலியும் பேசிக்கை ஒட்டியதே. ‘புரொபேஷன்’ என்னும் தகுதிகாண் காலம் அந்நாட்டில் ஆறு மாதத்துக்கு மேற்படலாகாது; வேலையை விடுமுன் அறிவிக்க வேண்டிய ‘நோட்டீஸ் பீரியட்’ எத்தனை நாள் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். 2016 முதல் அந்நாட்டு வேலை ஆஃபர் கடிதத்தை அரபியுடனும் ஆங்கிலத்துடனும் தமிழிலும் பெற வழியுண்டு. அதைக் கேட்டுப் பெறுவதில் கூச்சமென்ன?

‘சர்வீஸ் சார்ஜ்’ என்ற சொல்லுக்கும் சட்டம் எல்லை வகுத்திருக்கிறது. லைசென்ஸ் பெற்ற ஏஜென்ட் ரூ.30,000-மும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யுமே வாங்கலாம், ரசீதும் தர வேண்டும். லைசென்ஸ் உண்மையா என்பதை அரசின் ஈ-மைக்ரேட் இணையதளத்தில் எவரும் சரிபார்க்கலாம். நகையை அடகு வைத்தும் வட்டிக்கு வாங்கியும் லட்சக் கணக்கில், துண்டுச் சீட்டுமின்றிக் கொடுத்துவிட்டுப் பின்னர் பரிதவிக்கும் குடும்பங்களை நினைக்கையில் மனம் வேதனையுறுகிறது. லைசென்ஸின்றி ஆள் அனுப்புவது இரண்டாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்; ஆதலால் செஞ்சிக் காவல் நிலையத்திலோ, விழுப்புரம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடமோ புகார் கொடுக்கத் தயங்க வேண்டியதில்லை. அயல்நாட்டில் முதலாளி பாஸ்போர்ட்டைப் பறித்து வைத்துக்கொண்டால், அது 1967-ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டப்படி இந்திய அரசின் சொத்து என்பதை நினைவில் வைத்து, உடனே தூதரகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஆதரவற்றுத் தவிப்பவர்க்கு உதவத் தூதரகங்களில் இந்தியச் சமூக நல நிதி என்றொரு நிதியும் இருக்கிறது.

புறப்படவிருப்பவர் தம் ஒப்பந்தத்தையே பாடப் புத்தகமாகக் கொண்டு, தெரிந்த ஆசிரியர் ஒருவரிடம் அமர்ந்து வரி வரியாகப் பொருள் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம், பாலிசி ஆகியவற்றின் நகல்களை வீட்டில் வைத்துவிட்டுச் செல்லட்டும். சந்தேகம் எழுமாயின், கையெழுத்திடுவதற்கு முன்பே, அயலகத் தமிழர் நலத் துறையின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800 309 3793-ஐ அழைத்துக் கேளுங்கள்.