சுழலும் இயந்திரம் அறுகோணக் குழி வெட்டுமா?

மாணவர்களே, புதிதாக வாங்கிய மேசையையோ அலமாரியையோ பூட்டும்போது ‘எல்’ வடிவச் சாவி ஒன்றைப் பயன்படுத்தியிருப்பீர்கள். அதற்கு ஆலன் சாவி என்று பெயர். அது நுழையும் திருகாணியின் தலையில் அறுகோணக் குழி இருக்கும். துளைக்கும் கருவி சுழன்றால் வட்டத் துளைதானே கிடைக்கும்? அந்த ஆறு மூலைகள் எப்படி வந்தன?

ஆலைகளில் பெருமளவில் செய்யும் திருகாணிகளில் அறுகோண அச்சைப் பெரும் விசையுடன் அழுத்திக் குழியை உருவாக்குகிறார்கள். ஆனால், பழைய இயந்திரம் ஒன்றுக்கு ஒரே ஒரு திருகாணி தேவை என்றால்? அதற்காகச் சிறு பட்டறைக்காரர்கள் தாங்களே செய்துகொள்ளும் கருவிதான் ‘ரோட்டரி புரோச்’.

மேசைமீது ஒரு நாணயத்தைச் சுழற்றிவிடுங்கள். விழப்போகும் நேரத்தில் அது தள்ளாடும். அப்போது விளிம்பின் ஒரு புள்ளி மட்டுமே மேசையைத் தொடும். அந்தப் புள்ளி விளிம்பைச் சுற்றி ஓடிக்கொண்டே இருக்கும். புரோச் வெட்டுவதும் இப்படித்தான்.

புரோச் என்பது கடினமான எஃகாலான அறுகோணக் கம்பி. அதன் முனையின் ஓரங்களே வெட்டும் விளிம்புகள். கடைசல் இயந்திரத்தில் வேலைப்பொருள் சுழல்கிறது. அதற்கு எதிரே ஒரு தாங்கியில் புரோச் இருக்கிறது. தாங்கிக்குள் பேரிங் உள்ளதால், வேலைப்பொருளைத் தொட்டதும் புரோச்சும் அதனுடன் சேர்ந்து சுழல்கிறது. இரண்டும் ஒரே வேகத்தில் சுழல்வதால் மூலைகள் இடம் மாறுவதில்லை. எனவே, குழி அறுகோணமாகிறது.

ஒன்றாகவே சுழன்றால் வெட்டு எப்படி விழும்? புரோச்சின் அச்சு 1 பாகை சாய்ந்திருப்பதே காரணம். 6 மி.மீ. அறுகோணத்தில் எதிரெதிர் மூலைகளுக்கு இடையே 6.93 மி.மீ. தூரம் உண்டு. 6.93 × சைன் 1° = 0.12. அதாவது, ஒரு மூலை எதிர்மூலையைவிட 0.12 மி.மீ. முன்னால் நிற்கும். ஒவ்வொரு சுற்றிலும் ஆறு மூலைகளும் முறைவைத்து முன்னே வந்து மெல்லிய சீவலை எடுக்கின்றன. ஆறு பக்கங்களையும் ஒரே நேரத்தில் அழுத்துவதற்குப் பெரிய இயந்திரம் வேண்டும். முறைவைத்து வெட்டினால் சிறிய கடைசல் இயந்திரமே போதும்.

செய்வது எப்படி?

ஸ்கேட்போர்டு சக்கரத்தில் உள்ள 608 வகை பேரிங்கையே தாங்கிக்குப் பயன்படுத்தலாம். அதன் உள்விட்டம் 8 மி.மீ., வெளிவிட்டம் 22 மி.மீ. நேராகத் தள்ளும் விசையைத் தாங்க ‘திரஸ்ட்’ பேரிங் ஒன்றும் தேவை.

புரோச்சை ‘சில்வர் ஸ்டீல்’ கம்பியில் செய்யலாம். பெயரில் வெள்ளி இருந்தாலும் அது கரிம எஃகுதான். பக்கங்கள் பின்னோக்கிச் சற்றே ஒடுங்க வேண்டும். இல்லையெனில், சாய்ந்த உடல் குழியின் சுவரில் உரசும். வடிவம் அமைந்ததும் செந்நிறமாகச் சூடேற்றி நீரில் அமிழ்த்தினால் எஃகு கடினமாகும். ஆனால் எளிதில் உடைந்துவிடும். சுமார் 200 பாகை செல்சியஸில் மீண்டும் சூடேற்றினால் உறுதி கூடும்.

எதில் துல்லியம் வேண்டும் என்பதை அறிவதே முக்கியம். சாய்வு 0.9 பாகையாகவோ 1.1 பாகையாகவோ இருந்தாலும் பாதகமில்லை. ஆனால், புரோச் முனையின் நடுப்புள்ளி வேலைப்பொருளின் அச்சில் சரியாக இருக்க வேண்டும். சாய்வு தொடங்கும் இடத்திலிருந்து முனைவரை 60 மி.மீ. என்று கொள்வோம். 60 × டேன் 1° = 1.05. முனை அந்த அளவு விலகி நிற்கும். ஆகவே, தாங்கியை 1.05 மி.மீ. எதிர்ப்பக்கம் தள்ளிப் பொருத்துகிறார்கள். இதில் தவறினால் குழி அளவில் பெரிதாகிவிடும். வகுப்பில் படிக்கும் முக்கோணவியல் இங்கே எஃகாக நிற்கிறது!

வெட்டும் முன் 6.1 மி.மீ. வட்டத் துளை இட வேண்டும். சீவல்கள் தங்குவதற்காக அது குழியைவிட ஆழமாக இருக்க வேண்டும். புரோச் வழுக்காமல் நுழைய, வாயைச் சரிவாக 7 மி.மீ. வரை அகலப்படுத்த வேண்டும். முதலில் பித்தளையில் பழகுவது நல்லது. கடைசல் இயந்திரத்தை ஆசிரியரின் மேற்பார்வையில் மட்டுமே இயக்குங்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். தளர்ந்த சட்டைக்கைகளும் கையுறைகளும் கூடாது.

அடுத்த முறை அறுகோணக் குழியைக் கண்டால் உருப்பெருக்கியால் உள்ளே பாருங்கள். ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் வளைந்த மெல்லிய தடம் தெரிகிறதா? அது முதலில் இட்ட வட்டத் துளையின் மிச்சம். அந்தக் குழி அச்சால் அழுத்தியதன்று, வெட்டியது என்பதற்கு அதுவே சாட்சி.