டிங்கிளில் மீன் குழம்பு

அடுத்த விடுமுறைக்கு எங்கே போகலாம்? நோர்பரியில் இருந்து அயர்லாந்துக்கு விமானம் இல்லாமலே போகலாம், தெரியுமா? யூஸ்டனில் ரயில் ஏறி ஹோலிஹெட்டில் இறங்குங்கள். அங்கிருந்து டப்ளினுக்குக் கப்பலில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். பிறகு ட்ரலி வரை ரயில், கடைசியாக பஸ். டிங்கிள் வந்துவிடும்! அது ஒரு சின்னத் துறைமுக ஊர்.

அங்கே ஒரு கிழமைக்கு வீடு வாடகைக்கு எடுக்கலாம். ஹோட்டல் மாதிரி இல்லை, நாங்களே சமைக்க வேண்டும். "மிளகாய்த்தூள் எடுத்தாச்சோ?" என்று அம்மா கேட்பா. லண்டன் ரோட்டுக் கடையில் அரிசியும் தூளும் வாங்கி வையுங்கள். ஆனால் இறைச்சி, பால், தயிர் கொண்டுபோக விடமாட்டார்கள். அது ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம். மீனை அங்கேயே வாங்கலாம். பவுண் செல்லாது, யூரோ வேண்டும். மழை வருமா? கட்டாயம் வரும்! சுடச்சுடக் குழம்பு வையுங்கள்.

டிங்கிளுக்கு மேற்கே ஒரு ஊர் இருக்கிறது. ஆங்கிலத்தில் அதன் பெயர் டன்குவின். வீதிப் பலகையிலோ 'டூன் கீன்' என்ற ஐரிஷ் பெயர் மட்டும்தான்! ஐரிஷை வீட்டில் பேசுகிறவர்கள் இப்போது குறைவு. அதனால்தான் அங்கே பிள்ளைகள் பள்ளியிலும் ஐரிஷில் படிக்கிறார்கள். கடைக்குப் போனால் 'டீயா க்விட்' என்று சொல்லிப் பாருங்கள். அது அவர்களுடைய வணக்கம். ஐரிஷிலேயே பதில் வந்தால் பயப்படாதீர்கள். சிரித்துக்கொண்டே நம்முடைய 'வணக்கம்' சொல்லுங்கள்.